சிப்பாய்கள் ஏறிய ரயில்

ஒருத்தராலும் ஏற முடியவில்லை. பொம்மை ரயில் குண்டனை எந்தக் கடையிலும் இல்லாத அளவுக்குப் பெரிதாகச் செய்துவிட்டார்கள். கடையில் வாங்கிய பயணி பொம்மைகளுக்கு அவன் படியே கழுத்தளவு இருந்தது.

"ஆள் ஏறாத ரயில் எதுக்கு? கண்ணாடி அலமாரியில போய் நில்லு," என்றது ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை.

குண்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பெரிய செஸ் டப்பாவிலிருந்து, பயணி பொம்மைகளைவிட உயரமான சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, நாங்க வரலாமா? கட்டம் கட்டமா நடந்தே தேஞ்சுபோயிட்டோம்!"

ஏறினார்கள். படி கச்சிதம். கூரைகூட இடிக்கவில்லை. உள்ளே ஒரே கூச்சல், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை.

ராஜா அப்போதுதான் டப்பாவை விட்டு இறங்கி, ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தார்.

"டேய், ராஜா வர்றாருடா! அவர் ஏறுற வரைக்கும் நில்லு!" என்று கத்தியது ஸ்டேஷன் மாஸ்டர்.

குண்டன் கூவென்று ஊதினான். நிற்கவில்லை.