ஒரு சதுர அடி

சுத்தியலால் ஒரே ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டேன். சுவர் சரிந்து, பக்கத்து அறைக் கமலவேணியின் தோசைக்கல்லில் போய் விழுந்தது.

கல்யாணத்தைப் பதிவு செய்ய, படுக்கையறை நூற்றிருபது சதுர அடியாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். என் அறை ஒரு சதுர அடி குறைவு, அவளுடையதும் அப்படியே. சுவர்ப் பூச்சைச் சுரண்டினால் தேறிவிடும் என்று கணக்குப் போட்ட மேதை நான். இரண்டு வருடமாக எப்போது கல்யாணப் பேச்சை எடுத்தாலும், "முதல்ல ரூம் பாஸாகட்டும், பார்க்கலாம்" என்பாள். அது சம்மதமா, தட்டிக்கழிப்பா என்று தெரியாமல் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

புழுதி அடங்கியதும், அறையை அளக்க அரசாங்கம் கூரையில் பொருத்தியிருந்த அளவுக் கண் பச்சையாக மின்னி அறிவித்தது.

"ஒரே அறை. சுவர் இருந்த இடமும் சேர்த்து இருநூற்று நாற்பது சதுர அடி. இருவர் தங்கலாம்."

சுத்தியலைக் கீழே போட்டேன்.

"கமலா, பாஸாயிடுச்சு! இப்பவாவது சொல்லேன், என்னைக் கட்டிக்கிறியா, இல்லியா?"

தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, பாதியாகத் தேய்ந்துபோன தோசைத் திருப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"கட்டிக்கிறேன், போதுமா? புடிக்காமலா ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் நானும் சுரண்டிக்கிட்டிருந்தேன்?"