பேசுகிற போன்

"மறுபடியும் தூங்கறீங்களா?"

டீச்சர் கேட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. தையல்காரம்மா கண்ணை இறுக மூடி, போனைக் காதோரம் வைத்து, விரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தூங்கலை டீச்சர். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

நூலகத்து மாடி அறையில் பெண்களுக்கு இலவசமாக ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. எழுத்தைப் பெரிதாக்குவது, தெரியாத லிங்க்கைத் தொடாமல் இருப்பது, மகளுக்குப் போட்டோ அனுப்புவது என்று தினம் ஒரு பாடம். எல்லாரும் தேறிவிட்டார்கள். தையல்காரம்மாதான் திரையைப் பார்க்கவே மாட்டார்.

போதாததற்கு அவருடைய போன், தொட்டதற்கெல்லாம் பேசும். "கேமரா" என்று சொல்லும். "கடிகாரம்" என்று சொல்லும்.

"எதையோ தெரியாம அமுக்கிடறீங்க" என்று டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் அந்தக் குரலை அணைத்துக் கொடுப்பார். அடுத்த வகுப்புக்கு அது மறுபடியும் பேசிக்கொண்டே வரும்.

"அக்கா பேசாததையெல்லாம் போன் சேத்து வெச்சுப் பேசுது!" என்பார் பக்கத்து நாற்காலி பேக்கரிக்காரம்மா. வகுப்பு சிரிக்கும். தையல்காரம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று கடைசிச் சோதனை. வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். வகுப்பு முடிவதற்குள் பதில் வர வேண்டும். வந்தால்தான் அடுத்த வகுப்பில் இடம். இடத்துக்காகக் காத்திருப்பவர்களோ நிறையப் பேர்.

"டீச்சர், எனக்கு இடம் இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கட்டாயம் வேணும்."

"கண்ணைத் திறந்து கத்துக்கிட்டா நான் ஏன்மா இல்லேங்கறேன்?"

தையல்காரம்மா கண்ணை மூடினார். உதடு மெல்ல அசைந்தது.

"பாடம் நடத்தச் சொன்னா பிரார்த்தனை நடக்குது" என்றார் பேக்கரிக்காரம்மா.

விரல் திரையில் நகர்ந்தது. "வீட்டுக்காரர்" என்றது போன். இரண்டு தட்டு. இன்னும் கொஞ்சம் தடவல். "அனுப்பு" என்றது. மறுபடி இரண்டு தட்டு.

'சாப்பிட்டீங்களா?' போய்விட்டது.

டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தார். "பாக்காமலே அனுப்பிட்டீங்களா!"

அதற்குள் மற்றவர்களுக்குப் பதில் வர ஆரம்பித்தது. பேக்கரிக்காரம்மாவின் கணவர், 'யார் நீங்க?' என்று கேட்டிருந்தார்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டுக் கேக்கற கேள்வியைப் பாருங்க!"

அறையே குலுங்கியது. தையல்காரம்மாவுக்கு மட்டும் பதில் வரவில்லை.

"வீட்டுல இல்லையாம்மா அவர்?"

"இருக்காரு டீச்சர். கொஞ்சம் நேரம் ஆகும்."

"ஒரு வரி அனுப்பறதுக்கா?" என்றார் பேக்கரிக்காரம்மா. "நீங்க தையல் மெஷினை மிதிச்சு ஓடாத் தேயறீங்க, அவர் காலை நீட்டி உக்காந்திருக்காரா?"

தையல்காரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் பையை எடுத்துவிட்டார்கள். டீச்சர் பெயர்ப் பட்டியலை மூடப் போனார்.

மெசேஜ் வந்த மணியை அடித்தது போன். தானாகப் பேசவும் தொடங்கியது.

"இருங்க, அந்தச் சத்தத்தை அணைச்சுடறேன்" என்று டீச்சர் கை நீட்டினார்.

தையல்காரம்மா முதன்முறையாகத் தடுத்தார். "வேணாம் டீச்சர். இன்னிக்கு மட்டும் அதைப் பேச விடுங்க."

டீச்சர் கையை இழுத்துக்கொண்டார். போன் நிறுத்தி நிறுத்திப் படித்தது:

"சாப்பிட்டேன். நீ அனுப்பினதை போன் படிச்சுச் சொல்லிச்சு. மைக் எங்கேன்னு தடவித் தடவி நானே கண்டுபிடிச்சுப் பேசறேன். பார்வை போனப்புறம் யார் துணையும் இல்லாம நான் செஞ்ச முதல் வேலை இதுதான். எனக்குச் சொல்லிக்கொடுக்க நீ இருட்டுல உக்காந்து படிச்சது போதும். இனிமே நீ கண்ணைத் திறந்துக்கோம்மா."