கௌரிக் காப்பு

மொன்றியல் அருங்காட்சியகத்தில் அமெரிக்கச் சிற்பி ஒருவரின் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் தரிப்பிட வாங்கில் வெள்ளைச் சாந்து உருவமாகக் குந்தியிருந்தது அவளுடைய புருசன் குணரத்தினம். அதே தொங்கிய தோள், அதே மூக்கு. கலியாணப் படத்துக்கே ஒழுங்காக நிற்காத மனுசன்! கூட வந்து பக்கத்தில் நின்றவனிடம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, எப்பயப்பா இந்தச் சிற்பிக்கு மாதிரியாய்ப் போய் இருந்தனீங்கள்?"

"உமக்கென்ன விசரே? அந்தச் சிற்பி செத்தது நான் பிறக்க முந்தி."

"அப்ப இது?"

உருவத்தின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் கிடந்தது. டோர்வல் விமான நிலையத்தில் வேலை என்று அவன் கோயிலுக்கு வராததால், கௌரி விரதக் காப்பு நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே கட்டிவிட்டிருந்தாள். அவிழக்கூடாதென்று அவள் போட்ட முடிச்சுக்கூட அப்படியே இருந்தது.

"விரதம் பிடிச்சது நான். என்னைக் கேளாமல் இதைக் கழட்டிக் குடுக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"அது என்ரை கையிலதான் கிடக்கு," என்றான் அவன்.

"காட்டுங்கோ!"

அவனுடைய கோட்டுக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைப் பிடித்தாள். நூல் இல்லை. பிடியை விட்டபோது அவளுடைய விரல்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.