இடப்பக்கம் திரும்பு

"மோட்டார் சைக்கிள்ல மொதல்ல கத்துக்க வேண்டியது ஓட்டுறது இல்ல, நிறுத்துறது!" என்று சொல்லி விசில் ஊதினார் பயிற்சியாளர் கிருபாநிதி.

வளனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வேண்டியதெல்லாம் ஓடுவது மட்டும்தான்.

போன மாதம் வரை அவன் தோணித் தண்டல்; சரக்குத் தோணியைச் செலுத்தும் தலைவன். கடைசியாக அவன் கொழும்பிலிருந்து செலுத்தி வந்த தோணியில், மூட்டைகளுக்கு அடியில் வெளிநாட்டுக் கைக்கடிகாரங்கள் இருந்தன. கஸ்டம்ஸ் படகு விரட்டியதும் கடலில் குதித்து நீந்தித் தப்பித்துவிட்டான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும், கடலில் போய் வருகிறவன் மாதிரி இருந்த ஒவ்வொருவனையும் பிடித்துக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

மச்சான் பேபியின் பழைய ஜாவா வண்டி வீட்டில் சும்மா நின்றது. அதை ஓட்டத் தெரிந்து, கையில் ஒரு லைசென்சும் இருந்தால், மதுரை வரை ஜம்மென்று போய்விடலாம். அந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் சுவரொட்டி: 'புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இலவசப் பாதுகாப்புப் பயிற்சி. லைசென்சுக்கும் ஏற்பாடு செய்யப்படும்.'

வளன் ஜெபமாலையைக் கழற்றி வைத்தான். நெற்றி நிறைய விபூதி பூசினான். பெயர் மாசானம், ஊர் விளாத்திகுளம், தொழில் பருத்தி விவசாயம் என்று சொல்லிச் சேர்ந்துகொண்டான்.

உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் முதல் பாடம். வண்டி உறுமியது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைப் பந்தாக்கியது. வளனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் காற்றுக்குக் காத்துக் கிடந்தவனுக்கு, கையை முறுக்கினால் காற்று வருகிறது!

"இடப்பக்கம் திரும்பும் வே!" என்று கத்தினார் கிருபாநிதி.

வளன் கைப்பிடியை வலப்பக்கமாகத் தள்ளினான். வண்டி அவர் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் பாய்ந்து, அங்கே குவித்திருந்த உப்பில் போய்ச் செருகியது.

"மாதா..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று விழுங்கிக்கொண்டு, "முருகா!" என்று முடித்தான்.

தூக்கிவிட ஓடி வந்தவன் செல்லப்பாண்டி. கூடப் பயிற்சிக்கு வந்தவன்தான், ஆனால் போலீஸ்காரன். வளன் நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"உங்க ஊர்ல இந்த வருசம் பருத்தி எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டான் அவன்.

"மழை எங்கன பெஞ்சுது? எல்லாம் கருகிப் போச்சு" என்றான் வளன், உப்பைத் துப்பியபடி.

அன்றிலிருந்து செல்லப்பாண்டி அவனை விடவில்லை. டீக்கடையில் பொரித்த மீன் துண்டு ஒன்றை நீட்டி, "நயம் சீலா மீனாம், திங்கியளா?" என்றான். அது சீலாவும் இல்லை, நயமும் இல்லை என்று வளனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எங்க ஊருக்கு வாரது கருவாடுதான். எனக்கு எல்லா மீனும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

நல்லவேளையாக, கிருபாநிதிக்கு அவன்மேல் தனிப் பிரியம். ஆடு குறுக்கே வந்து வளன் பயந்து, மறுபடியும் பக்கம் மாற்றித் திருப்பிப் பாத்திக்குள் விழுந்தபோதும் அவர் திட்டவில்லை. "பதறாதியும் வே. புதுசுல எல்லாருக்கும் கை தடுமாறத்தான் செய்யும்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். வளனும் சிரித்தான். போலீஸ்காரன் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டே நின்றான்.

போகப் போகக் கை பழகிவிட்டது. திரும்பச் சொன்ன பக்கம் திரும்பினான். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினான். கடைசி நாள் வந்தது. இன்று தேறிவிட்டால் நாளை மதுரை. கிருபாநிதி பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஊருக்குள்ள போவோம். கை சிக்னல் ஒண்ணு விட்டாலும் பெயில்தான்!"

வளன் பறந்தான். சந்திப்பில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் அவன் கைகாட்டிய அழகைப் பார்த்துத் தலையாட்டினார். வளனுக்குப் பாட வேண்டும் போலிருந்தது.

"சோத்தாங்கைப் பக்கம் ஒரு கேட்டு தெரியுதா? உள்ள விடும்" என்றார் கிருபாநிதி.

வளன் வேகத்தைக் குறைத்தான். வலது கையை விறைப்பாக நீட்டினான். அலுங்காமல் திரும்பி, உள்ளே போய் நிறுத்தி ஸ்டாண்டு போட்டான்.

"பாஸ்!" என்று அவன் முதுகில் தட்டினார் கிருபாநிதி.

வளன் துள்ளிக் குதித்தான். குதித்தவன் அப்போதுதான் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தான். கஸ்டம்ஸ் அலுவலகம். இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். கிருபாநிதிக்கு ஒரு சல்யூட்டும் வைத்தார்கள்.

"சார், நான் விளாத்திகுளத்து விவசாயி..."

கஸ்டம்ஸ் அதிகாரியான கிருபாநிதி சிரித்தார். "விவசாயி மாட்டுக் கயித்தை இடப்பக்கம் இழுத்தா மாடு இடப்பக்கம் திரும்பும். அவனுக்கு அந்தப் பழக்கம்தான் வரும். நீ பயந்தப்ப எல்லாம் வலப்பக்கம்லா தள்ளுன? சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளுனா இடப்பக்கம் திரும்புறது தோணி மட்டும்தாம்லே."

வளன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அப்ப செல்லப்பாண்டி..?"

"அவன் பாவம், நெசமாவே வண்டி கத்துக்க வந்தவன். தேடிப் போனா நீ ஓடிருவ. ஓட்டக் கத்துத் தாரோம்னா தானா வருவன்னு சுவரொட்டி ஒட்டுனது நான்."

"மொத நாளே தெரிஞ்சும் ஏன் சார் இத்தனை நாள்?"

"ஒரு தடவைன்னா தற்செயலா இருக்கும், திரும்பத் திரும்ப நடக்கணும்லா? அதோட, பாடத்தைப் பாதியில விடுத வாத்தியார் நான் இல்ல" என்ற கிருபாநிதி, பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவன் சட்டைப் பையில் செருகினார்.

"கையை நீட்டி சிக்னல் காட்டிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கிட்டு கஸ்டம்ஸ் ஆபீசுக்குள்ள வந்த மொத கடத்தல்காரன் நீதாம்லே!"