ஜன்னலோர நாற்காலி

மொரேனிகேயின் முழங்கால்கள் மடங்கத் தொடங்கியபோது, வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.

பெரியவர்களைக் கண்டால் முழங்காலிடுவது எங்கள் யொரூபா இனப் பெண்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. பெக்கம் கடைத்தெருவில் இரண்டு கையிலும் வாழைக்காய்ப் பை இருந்தாலும் அவள் முழங்காலை மடக்குவாள். தேவாலய வாசலில், கொட்டுகிற மழையில் எனக்காக மடக்கியிருக்கிறாள்.

ஆனால் இது வியாழக்கிழமை கிளினிக். இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது.

அதைத்தான் சொல்ல நினைத்தேன். அவளுக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது.

பாதி மடங்கியவள் அப்படியே நிமிர்ந்தாள். ஒரு கை ஆறு மாத வயிற்றின் மேல் போனது. இன்னொரு கையில் மஞ்சள் அட்டை.

நீல அட்டை என்றால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்தவர்கள். மஞ்சள் என்றால் முடிவு தெரிந்துவிட்டது, மாத்திரை தொடங்க வேண்டும். பழையவர்களின் அட்டை நாலாக மடிந்து நைந்திருக்கும். அவளுடையதில் ஒரு மடிப்புகூட இல்லை.

என் கழுத்தில் தொங்கியதை மெல்ல ரவிக்கைக்குள் தள்ளினேன்.

கதவை ஒட்டியிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வாசலைப் பார்த்து இருந்தன.

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மம்மி அகின்லாபி. சபையில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் ஜெபக்குழுத் தலைவி. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பட்டியல் வாசிக்கிறவள். என் காதில் விழுந்த பெயர் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாத் தட்டுக்கும் போய்விடும் என்று சபையில் ஒரு கேலி உண்டு. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

இன்று மாத்திரை தொடங்கிவிட்டால் அவள் பிள்ளைக்குத் தொற்றாமல் காத்துவிடலாம். எழுந்து போய்விட்டால் திரும்பி வரமாட்டாள். இந்தக் கதவைத் திறந்து போகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

பக்கத்தில் போய்ப் பேசலாமா? ஓடிவிடுவாள். வேறு பக்கம் பார்க்கலாமா? முகம் திருப்பியதாக ஆகிவிடும்.

நான் அந்த ஜன்னலோர நாற்காலியில் இருப்பதே தப்பாக இருந்தது.

பதினான்காம் எண்ணைக் கூப்பிட்டார்கள். பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒருவர் எழுந்து உள்ளே போனார்.

அவளும் எழுந்தாள். உள்ளே போக அல்ல. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நான் என் கைப்பையைத் திறந்தேன். மாத்திரைக் குப்பியை எடுத்து, சத்தம் கேட்கும்படி ஒரு தடவை குலுக்கினேன். தண்ணீர் இயந்திரம் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போய்க் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்தேன். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அவள் பார்க்கும்வரை கையை மூடாமல் நின்றேன்.

பிறகு விழுங்கினேன்.

அவள் பார்வை என் கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போகும்வரை அங்கேயே நின்றது.

"மம்மி... நீங்களுமா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் பெயர் எல்லாத் தட்டுக்கும் போய்விடலாம். போகட்டும்.

மொரேனிகே பையைத் தோளிலிருந்து இறக்கினாள். உட்கார்ந்தாள். அவள் எண் வந்ததும், மாத்திரை கொடுக்கும் கடைசி அறையின் கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் ரவிக்கைக்குள் இருந்ததை வெளியே எடுத்தேன். 'சமூக ஆலோசகர்' என்று அச்சடித்த அட்டை. நம் ஜனங்கள் இங்கே வரப் பயப்படுகிறார்கள், தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பயம் போய்விடும் என்று முடிவு செய்தது வேறு யாருமில்லை, இந்தக் கிளினிக் ஆலோசகர்கள் நாங்களேதான். அந்த ஜன்னலோர நாற்காலியில் என்னை உட்காரவைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

போகும் முன் நாற்காலியைத் தூக்கிச் சாமான் அறையில் போட்டேன். இனி எங்கே உட்காருவீர்கள் என்று நர்ஸ் யேவாண்டே கேட்டாள். வீட்டில் என்றேன். என் தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னேன்.

பதினோரு வருடத்துக்கு முன் என் மகள் ரோன்கேயும் இங்கே வந்திருக்கிறாள். தெரிந்த முகம் யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். யாரை என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, என் கையைத் தொட யார் தயங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் தயங்கவில்லை. காராமணி அரைத்து நான் அவித்துக் கொண்டுபோன மொயின்மொயின் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மொரேனிகே வந்து முழங்காலை மடக்கினாள். இந்த முறை நான் தடுக்கவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கியபோது என் காதருகே குனிந்தாள்.

"மாத்திரைய நேரத்துக்குப் போடுறீங்களா மம்மி?"

ராத்திரி ஒன்பது மணிக்கு என்றேன்.

அது உண்மைதான். என் பிரஷர் மாத்திரை நேரம் தப்பியது அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும்தான்.