சைலன்சர் மேல் விழுந்த பழி

தியாகதுருகம் தாண்டியதும் பைக் மறுபடியும் திக்கித் திணறி நின்றது.

"எல்லாம் உன் புது சைலன்சரால வந்த வினை. காத்து ஜாஸ்தி போவுது, பெட்ரோல் கம்மியா வருது," என்று தம்பி காசிநாதனிடம் எரிந்து விழுந்தாள் இளவரசி. பாலிடெக்னிக்கில் இன்ஜின் பாடம் நடத்தும் வேலைக்கு அவளுக்கு இன்னும் அரை மணி நேரத்தில் இன்டர்வியூ.

"அத மாட்டி ஒரு மாசம் ஆவுதுக்கா. நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சி?"

"இன்ஜினியரிங் படிச்சது நீயா, நானா?"

இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினாள். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தியா? பெட்ரோல் பத்தல. அந்தச் சைலன்சரக் கழட்டி ஏரியில போடு."

பிளக்கை மாட்டிவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தாள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. காசிநாதன் ஓர் உதை விட்டான்; பைக் சமர்த்தாகக் கிளம்பியது.

இளவரசி மூடியைப் பார்த்தாள். டேங்குக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்காக மூடியில் இருந்த சிறு துளையைக் காய்ந்த சந்தனம் கெட்டியாக அடைத்திருந்தது.

"இன்னாக்கா ஆச்சி?"

"காலையில இந்த வேல கெடைக்கணும்னு வேண்டிக்கினு, நாந்தான்டா வண்டிக்குப் பொட்டு வச்சேன்," என்றபடி, புடவை ஊக்கால் துளையைக் குத்த ஆரம்பித்தாள் வருங்கால வாத்தியார்.