குரல் குறையாத மைக்

“சொல்லாம கொள்ளாம நின்னுபோச்சு உங்க மெஷினு.”

அவள் கத்தினாள். பாதிதான் கேட்டது. மீதி வெறும் காற்று.

“நிக்கிற வரைக்கும் சத்தம் குறைஞ்சுதா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

அவன் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாடிக்கும் கேட்டது.

அம்பத்தூர் ஹவுசிங் போர்டு, பி பிளாக். சாயங்காலம் கரண்ட் போயிருந்த நேரம். டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை. காயப்போட்ட துணியை எடுக்க எல்லோரும் ஒரே சமயத்தில் பால்கனிக்கு வந்திருந்தோம்.

ஈரத் துணியைக்கூட எடுத்தோம்.

கீழே தனபாலின் செல்போன் சர்வீஸ் கடை. வாசலில் சுகந்தி டீச்சர். வகுப்பில் பேசுவதற்கான மைக் பெட்டி இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

அவளுக்குக் குரல்வளையில் சின்னக் கட்டி. சத்தம் போட்டுப் பேசினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. அன்றைக்கு நிர்வாகத்தார் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்தார்கள். பிடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் அதோடு சரி.

பாதிப் பாடத்தில் மைக் நின்றுவிட்டது.

வாங்கிய புதிதில் அது இப்படி நிற்காது. கடைசிப் பீரியட் வரும்போது சத்தம் தேய ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்யத்தான் தனபாலிடம் கொடுத்தாள். அவன் உள்ளே நகம் அளவில் ஒரு போர்டு வைத்தான். வைத்ததோடு விட்டானா, விளக்கமும் சொன்னான்.

“காலைல தண்ணி பீறிட்டு வருதில்ல? குழாயத் திருகி அடக்குறீங்க. எட்டு மணிக்கு மேல நூலா வருது. மோட்டாரப் போட்டு இழுக்குறீங்க. பேட்டரியும் அப்படித்தான். நிறைஞ்சிருந்தா மைக்குக்கு வேணும்கிறதுக்கு மேல இருக்கும். தீரத் தீர அதுக்குக் கீழ போயிரும். இந்தப் போர்டு, மேல இருந்தா இறக்கும், கீழ போனா ஏத்தும். உங்க குரல் ஒரே மட்டத்துல போகும்.”

உள்ளே ஒரு கம்பிச் சுருள். கரண்டைத் துளித்துளியாக வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டிய அளவில் விடுமாம். விநாடிக்கு லட்சம் தடவை.

இதைச் சொல்ல அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. என் போனில் டிஸ்பிளே போனபோது, “திங்கக்கிழம வாங்கக்கா” என்பதோடு முடித்துக்கொண்டவன்.

பிளாக்கில் பெண்கள் எல்லோருக்கும் அவன் தனபால் அண்ணன். அவள் மட்டும் ‘ஏங்க’ என்பாள்.

நாங்கள் அதைக் குறித்து வைத்திருந்தோம்.

“ஏங்க, தீரப்போவுதுன்னு ஒரு அடையாளம் வேணாமா?”

“செவப்பு லைட்டு இருந்துச்சு. கழட்டச் சொன்னது யாரு?”

அவள்தான் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் புத்தகத்தைப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிடுகிறார்களாம். அவன் மறு பேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தான். போர்டு சத்தத்தைத் தேயவும் விடாது, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி தீர்வது எப்படித் தெரியும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எங்கே தோன்றும்.

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“இருபது நிமிஷம். என் தொண்டையிலேயே நடத்துனேன்.”

அவன் சத்தம் சட்டென்று இறங்கியது.

உள்ளே போனான். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தான். ஒரு நோட்டையும் பேனாவையும் மேசைமேல் வைத்தான்.

“இதுல எழுதித் திட்டுங்க. இனி ஒரு வார்த்த பேசக்கூடாது.”

அவள் நின்றபடியே எழுதினாள். பேனா கிழிக்கிற வேகத்தில் எழுதினாள்.

அவன் படித்தான். பேனாவை வாங்கினான்.

அவன் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அவனும் எழுதினான்.

அவள் படித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுதினாள்.

மேலே எங்களுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அத்தனை பால்கனியிலும் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்பு இருந்ததில்லை. சி பிளாக்கில் குக்கர் விசில் அடித்தது, யாரும் அசையவில்லை. இரண்டாம் மாடி ரமணிதான் பொறுக்கமுடியாமல் ரீசார்ஜ் செய்கிற சாக்கில் கீழே இறங்கிப் போனாள்.

அவள் படி இறங்குவதற்குள் தனபால் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ரமணி இருபது ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துகொண்டு திரும்பி வந்தாள்.

பி பிளாக்கை இடித்துப் பத்து வருடம் ஆகிறது. இப்போது பதினான்கு மாடி, லிஃப்ட். பால்கனிக்கெல்லாம் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கீழே யார் சண்டை போட்டாலும் வாய் அசைவதுதான் தெரிகிறது. கரண்டும் போவதில்லை. யார் வீட்டில் என்ன என்று கேட்டால், தெரியாது என்கிறார்கள். அதையும் ஒரு பெருமையாகச் சொல்கிறார்கள்.

மைக் நின்றுபோன அந்த வருடம் மே மாதம் டீச்சருக்கு ஆர்டர் வந்தது. கடைசி இருபது நிமிடம் வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் கேட்டிருக்குமாம். மெல்லப் பேசியே பிள்ளைகளைக் கட்டிப்போட்ட டீச்சர் என்று நிர்வாகத்தாருக்குப் பிடித்துப்போனது. வேலை நிரந்தரம். ஆனால் ஓசூர்க் கிளையில்.

ஜூனில் கிளம்பினாள். வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டாள். கடைக்குப் போனதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் பார்க்கவில்லை என்றால் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

தனபாலுக்கு அவன் அம்மா திருத்தணியில் ஒரு பெண்ணைப் பார்த்து, பூ வைக்கிற வரைக்கும் பேசியிருந்தார்.

ஆவணியில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

புரட்டாசியில் தனபால் கடையைக் காலி செய்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனான்.

அங்கே வியாபாரம் நன்றாக இருக்குமாம்.